ஓவியர் டி. கே. பத்மினி: வாழ்வும் கலைக்காட்சிகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் வட்டாரங்களில் ஓவியம் பயிலும் மாணவியரும், அவர்களுடைய பெற்றோரும், பழைய வீடுகளில் படங்களைக் காத்து வருபவர்களும் பத்மினியைப் பற்றித் தொடர்ந்து கேட்டு வரும் கேள்விகள் இங்கே பதில்களுடன் தொகுக்கப்பட்டுள்ளன.

டி. கே. பத்மினி என்பவர் யார்?

இன்றைய கேரளத்தில் பொன்னானிக்கு அருகிலுள்ள காடஞ்சேரி என்னும் சிற்றூரில் 1940 மே 12 அன்று பிறந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று, 1960களில் சென்னைக் கலைக்காட்சிகளில் தம் படைப்புகளை வைத்து, 1969 மே 11 அன்று, இருபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் மறைந்த ஓவியர் அவர். அந்தக் குறுகிய காலத்திற்குள் 200-க்கும் மேற்பட்ட ஓவியங்களையும் கோட்டோவியங்களையும் படைத்திருக்கிறார். கேரளத்துக் கலை ஆர்வலர்கள் அவரை அறிவார்கள். அவர் கற்றதும் கற்பித்ததும் விருது பெற்றதும் சென்னையில்தான் என்றாலும், தமிழ் வாசகர்களிடையே அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது.

மலபாரில் பிறந்த ஒருவரைப் பற்றிச் செட்டிநாட்டில் பேச வேண்டிய தேவை என்ன?

அவர் பிறந்தபோது பொன்னானியும் காரைக்குடியும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. மலபார் மாவட்டம் கேரளத்துடன் சேர்ந்தது 1956 நவம்பரில்தான். இன்று அவருடைய ஊரை மலப்புறம் மாவட்டத்தில் என்று எழுதுகிறோம். அந்த மாவட்டமோ அவர் இறந்து ஒரு மாதம் கழித்து, 1969 ஜூனில் உருவானது. ஓவியம் கற்க விரும்பிய பொன்னானிப் பெண்ணுக்கும் காரைக்குடிப் பெண்ணுக்கும் அன்று முன்னால் இருந்த வழி ஒன்றே: ரயிலேறிச் சென்னைக்குச் செல்வது.

இன்னொரு காரணமும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் ஓவியங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. முகப்பில் ரவிவர்மா அச்சுப் படங்கள், சாமி அறையில் தஞ்சாவூர்ப் படம், வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றிய சுவர்களில் தேக்குச் சட்டமிட்ட முன்னோர் உருவங்கள் என்று எங்கும் படங்களே. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பவள் பெண், வரைந்தவர் ஆண். ஒரு பெண் தூரிகையைக் கையில் எடுத்தபோது படத்திலிருக்கும் பெண் எப்படி மாறினாள் என்பதைக் காண்பதற்குப் பத்மினியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தென்னிந்தியாவில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

தந்தையை இழந்த கிராமத்துப் பெண் சென்னைக் கல்லூரி வரை எப்படிச் சென்றார்?

பலர் கைகொடுத்ததால் சென்றார். அதை மறைத்து, தனி ஒருவரின் மன உறுதிக் கதையாக மட்டும் சொல்வது உண்மைக்குப் பொருந்தாது.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய்மாமன் திவாகர மேனன் குடும்பத்தைத் தாங்கினார்; மருமகளின் வரையும் திறனைப் பொழுதுபோக்காக ஒதுக்காமல் கல்வியாகவே கருதினார். பொன்னானியில் வாழ்ந்த கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயர் அவளுக்குத் துணை நின்றார். அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவரும், சென்னையில் பயின்றவரும், பின்னாளில் மலையாள இதழ்களின் கோட்டோவியங்களால் புகழ்பெற்றவருமான ஓவியர் நம்பூதிரி அவளுக்குப் பயிற்சி அளித்தார். இவ்வாறு குடும்பத்தில் ஒருவர், ஊரில் மதிப்புள்ள ஒருவர், தொழில் தெரிந்த ஒருவர் என மூவர் சேர்ந்ததன் பயனாக, 1961இல் பத்மினி சென்னைக் கல்லூரியில் சேர்ந்தார்.

அன்றைய நிலையில் பள்ளியிறுதி முடித்த பெண்ணுக்குக் குடும்பங்கள் ஆசிரியர் பயிற்சியையோ திருமணத்தையோ எண்ணினவே தவிர, வெளியூரில் தங்கிப் பயிலும் ஓவியப் படிப்பை எண்ணவில்லை. நம் பக்கத்திலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. திறமை உள்ள பெண்கள் இங்கே இல்லாமல் போகவில்லை. அந்த மூவரும் ஒரே நேரத்தில் வாய்ப்பதுதான் அரிதாக இருந்தது.

அந்தக் கல்லூரி அப்போது எப்படி இருந்தது?

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் இயங்குகிறது. மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1957 வரை அதன் முதல்வராக இருந்தார். அவருக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கர் பொறுப்பேற்றார். கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்.

பத்மினி மாணவியாக இருந்த ஆண்டுகள் அந்தக் கல்லூரியின் மிகச் சூடான ஆண்டுகள். மேற்கத்திய நவீன ஓவியத்தைப் பார்த்து வரைவதா, நம் மண்ணின் கோட்டிலிருந்தும் குறியிலிருந்தும் தொடங்குவதா என்ற விவாதம் வகுப்பறைகளில் நடந்துகொண்டிருந்தது. பணிக்கர் தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை 1963 வாக்கில் தொடங்கினார். சிற்பி எஸ். தனபால் ஆசிரியராக இருந்தார். துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரிலிருந்து வந்த கே. எம். ஆதிமூலம் அதே ஆண்டுகளில் அங்கே மாணவர். கேரளத்திலிருந்து வந்து சிற்பம் பயின்ற அனிலா ஜேக்கப்பும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே. பத்மினியின் வளர்ச்சியைக் கண்ட கல்லூரி அவருக்கு இரட்டை வகுப்பேற்றம் அளித்தது. ஆறாண்டுப் படிப்பை 1965இல், நான்கே ஆண்டுகளில் முடித்து வெளியேறினார்.

அவருடைய ஓவியங்களில் என்ன இருக்கிறது?

பெரும்பாலும் பெண்கள் இருக்கிறார்கள். தனியாகவும் இருவராகவும் கூட்டமாகவும் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும், மரங்களும் மேடும் பள்ளமுமாக விரியும் நிலத்திலும் இருக்கிறார்கள்.

ஒப்பிட்டுச் சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். நம் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் ரவிவர்மா அச்சுப் படம் ஒன்றை அருகில் நின்று பாருங்கள். லட்சுமியோ சகுந்தலையோ, முகத்தில் ஒளி இடப்புறமோ வலப்புறமோ இருந்து விழுந்து கன்னத்தை உருட்டிக் காட்டும். சேலையின் மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். நம்மவர்கள் அதோடு விடவில்லை. அச்சுப் படத்தின் மேலேயே உண்மையான பட்டுத்துணியை வெட்டி ஒட்டி, ஜரிகை வைத்து, சமிக்கி பதித்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தார்கள். அந்தப் பெண் பார்க்கப்படுவதற்காகவே நிற்கிறாள்; நகையும் சேலையும் அவளுக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

பத்மினியின் பெண்ணிடம் நகையும் பட்டும் ஆட்சி செய்வதில்லை. உடலின் எடையை ஓவியர் அழுத்தமான கோட்டால் பிடித்துவிடுகிறார். தோளும் தொடையும் கனத்திருக்கின்றன. நிறங்கள் மண்ணையும் இலையையும் இருட்டையும் சார்ந்தவை. பழுப்பு, கரும்பச்சை, மங்கிய காவி. முகங்கள் எவரையும் மகிழ்விக்க முயல்வதில்லை. நிலக்காட்சி பின்னணித் திரையாக நிற்காமல் உடலோடு சேர்ந்து வளைகிறது. பார்த்ததையும் கனவில் கண்டதையும் ஒரே தளத்தில் வைத்து வரைந்ததால், ஊர் தெரிகிறது, ஆனால் எந்த ஊர் என்று சுட்ட முடிவதில்லை.

அவருடைய இறுதிக்கால ஓவியமாக அறியப்படுவது பட்டம் விடும் பெண்ணைக் காட்டுவது. அவருடைய மரணத்தோடு அதை முடிச்சுப் போட்டு, நூல் அறுந்த பட்டம் என்று உருகி எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. கருவுற்றிருந்த இருபத்தெட்டு வயதுப் பெண் தம் சாவை அறிந்து வரையவில்லை. விளையாட்டில் ஈடுபட்ட ஒரு பெண்ணை வரைந்தார். அந்த ஓவியத்தை அந்த விளையாட்டாகவே முதலில் பார்க்க வேண்டும்.

ஆடையற்ற பெண் உருவங்களை அவர் வரைந்தது ஏன்? பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

இக்கேள்வியைப் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், தயங்க வேண்டியதில்லை. மனித உடலை நேரில் பார்த்து வரைவது கலைக் கல்லூரிப் பாடத்தின் ஒரு பகுதி. ஆண் மாணவர்களும் பெண் மாணவர்களும் அதைப் பயில்கிறார்கள். பத்மினி அப்பயிற்சியைத் தம் முக்கியப் பொருளாகவே வளர்த்தெடுத்தார். 1960களில் தென்னிந்தியாவில் ஒரு பெண் இவற்றை வரைந்து, தம் பெயரிட்டுப் பொதுக்காட்சியில் வைத்தது துணிவான செயல்.

அந்த உருவங்களில் பார்ப்பவரை அழைக்கும் பாவனை இல்லை. தம் உடலுக்குள் தாமே இருக்கும் பெண்களாக, களைப்போடும் யோசனையோடும் காணப்படுகிறார்கள். கோயில் தூண்களில் பெண் உருவங்களைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, பெரியவர் ஒருவர் உடனிருந்து விளக்கினால், உயர்நிலைப் பள்ளி வயதிலேயே இவற்றைக் காட்டலாம்.

அவருடைய கலைக்காட்சி வாழ்க்கை எப்படி நடந்தது? என்ன விருதுகள் பெற்றார்?

இன்று காட்சிக்கூடம் ஒன்று ஓர் ஓவியரை எடுத்துக்கொண்டு, அவரை அறிமுகம் செய்து, படங்களை விற்றுத் தரும் முறை இருக்கிறது. அன்றைய சென்னையில் அப்படியொரு சந்தை இருக்கவில்லை. ஓவியர்கள் கூடி அமைத்த சங்கங்களின் ஆண்டுக் காட்சிகளும், அகாதெமி நடத்திய போட்டிக் காட்சிகளுமே வழி. ஓவியர் தம் படத்தைச் சட்டமிட்டு அனுப்புவார். தேர்வுக்குழு ஏற்கும் அல்லது திருப்பி அனுப்பும். ஏற்றால் பட்டியலில் பெயரும் படத்தின் தலைப்பும் விலையும் அச்சாகும். 1954இல் டெல்லியில் லலித் கலா அகாதெமி தொடங்கப்பட்டு, மறு ஆண்டு முதல் தேசியக் காட்சி நடக்கத் தொடங்கியதும் இளையோருக்கு ஓர் இலக்கு கிடைத்தது.

பத்மினி இந்த வழியில்தான் வந்தார். மாணவியாக இருக்கும்போதே காட்சிகளில் கலந்துகொண்டார். சென்னை லலித் கலா அகாதெமியின் பாராட்டும், இளம் ஓவியர்கள் சிற்பிகள் சங்கத்தின் விருதும் அவருக்குக் கிடைத்தன. கல்லூரியில் நுழைந்ததிலிருந்து கணக்கிட்டாலும் எட்டே ஆண்டுகள். படிப்பு முடித்த பிறகு என்றால் நான்கே ஆண்டுகள். பெரும்பாலான ஓவியர்கள் தங்கள் கைமொழியைத் தேடித் தடுமாறும் அந்தக் காலத்திற்குள், பார்த்தவுடன் இவருடையது என்று சொல்லத்தக்க படங்களை அவர் வரைந்துவிட்டார். விருதுகளைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஓவியம் விற்று வாழ முடிந்ததா?

இல்லை. சென்னைப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றினார். சோழமண்டலத்து ஓவியர்கள்கூட பாத்திக் துணிகளும் தோல் பொருள்களும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவிய நேரத்தைக் காத்துக்கொண்டார்கள். பள்ளி முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைத்த மாலைகளும் விடுமுறைகளும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் தந்திருக்கும் என்பதை எண்ணும்போது, 200-க்கும் மேற்பட்ட படைப்புகள் என்பதன் பொருள் விளங்கும்.

அவர் எப்படி இறந்தார்?

1968இல் உடன் பயின்ற ஓவியர் கே. தாமோதரனை மணந்தார். அடுத்த ஆண்டு பிரசவத்தின்போது இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை.

அவரைக் ‘கேரளத்தின் அம்ரிதா ஷெர்கில்’ என்று சொல்வது பொருத்தமா?

இறந்த வயது ஒன்று. ஓவியர் ஷெர்கில் 1913 ஜனவரியில் பிறந்து 1941 டிசம்பரில் மறைந்தார். அவருக்கும் வயது 28. அதைத் தவிர இருவரையும் இணைப்பது குறைவு. ஷெர்கில் பாரிஸ் நகரத்தின் கலைக் கல்லூரியில் பயின்று, அங்கிருந்து திரும்பி இந்தியக் கிராமத்துப் பெண்களைப் பார்த்தார். பத்மினி அந்தக் கிராமத்துப் பெண்களில் ஒருவராகவே இருந்து, அங்கிருந்து பார்த்தார். வரும் திசையே வேறு. அறிமுகம் இல்லாத ஒருவரைப் புகழ்பெற்ற ஒருவரின் பெயரைக்கொண்டு அறிமுகம் செய்வது வசதிதான். ஆனால் அந்த வசதி நீடிக்கும் வரை பத்மினி வரைந்த கோடுகளை யாரும் அவற்றுக்காகவே பார்க்கப் போவதில்லை.

இறந்த பிறகு அவர் பெயர் எப்படிப் பிழைத்தது?

படங்கள் சிதறாமல் இருந்ததால் பிழைத்தது. இளம் வயதில் ஓர் ஓவியர் மறைந்தால் உறவினர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வதும், இடமில்லை என்று பரணில் போடுவதும் இயல்பு. பத்மினியின் படைப்புகளில் பெரும்பகுதி ஒன்றாகக் காக்கப்பட்டதால்தான், கேரள லலித்கலா அகாதெமி அவரை ஒரு முழு ஓவியராக மக்களுக்குக் காட்ட முடிந்தது. 2018இல் அவர் வாழ்க்கையை வைத்து மலையாளத்தில் ஒரு திரைப்படமும் வந்தது. அதை இயக்கியவர் எழுத்தாளர் சுஸ்மேஷ் சந்த்ரோத்து. அதன்பின் இளையோர் அவரைத் தேடத் தொடங்கினர்.

நம் ஊரில் இதன் அருமையை நன்கு அறிந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை ஓவியராகத் தொழில் தொடங்கிய அவர், பிறர் வேண்டாம் என்று கழித்த நூல்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அத்தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. கலைக்காட்சி அழைப்பிதழ் ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஓவியரின் வாழ்க்கைக்குச் சான்றாகும் என்பதை அவர் சேர்த்த காகிதங்களே காட்டுகின்றன.

அவருடைய ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

எர்ணாகுளம் தர்பார் ஹால் கலைக்கூடம் முதன்மையான இடம். ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் சென்னை எழும்பூர் தேசியக் கலைக்கூடத்திலும் அவர் படைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. கூடங்கள் தங்கள் தொகுப்பு முழுவதையும் எப்போதும் சுவரில் வைப்பதில்லை. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். எர்ணாகுளம்–வேளாங்கண்ணி விரைவு ரயில் காரைக்குடி வழியாகவே செல்கிறது. தினமும் ஓடாது என்பதால் நாள் பார்த்துக் கிளம்புங்கள்.

எங்கள் வீட்டில் ஆச்சி வரைந்த படங்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான்; எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுவே.

ஆச்சி உடனிருந்தால், முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வயதில் வரைந்தார், யார் கற்றுக்கொடுத்தார், வண்ணம் எங்கிருந்து வந்தது, எந்தப் பள்ளியிலோ மன்றத்திலோ கோயில் விழாவிலோ வைத்தார்கள் என்பதை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பிறகு படத்தைக் கழற்றி முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் புகைப்படம் எடுங்கள். காட்சிக்குச் சென்ற படமாயின் சட்டத்தின் பின்னால் எண்ணோ ஒட்டிய சீட்டோ பென்சில் குறிப்போ இருக்கக்கூடும்; சட்டம் போட்ட கடையின் முகவரிச் சீட்டுகூட ஆண்டைக் கணிக்க உதவும். புதுச்சட்டம் போடும் ஆசையில் பழைய பின்பலகையைத் தூக்கி எறிவதால் போகும் செய்தி மீண்டும் கிடைக்காது.

கையெழுத்தைக் கவனித்துப் பாருங்கள். நம் பெண்கள் திருமணத்திற்கு முன் அப்பச்சியின் (தந்தையின்) தலைப்பெழுத்தையும் பிறகு கணவரின் தலைப்பெழுத்தையும் இட்டவர்கள். பலர் தலைப்பெழுத்தே இல்லாமல் பெயரை மட்டும் எழுதினார்கள். ஆகவே ஒரே கை வரைந்தவை இருவர் வரைந்தவையாகத் தோன்றும். மலபாரின் தாய்வழி மரபில் தாய்வீட்டுப் பெயரே பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்கும். அதனால் பத்மினி தொடக்கம் முதல் முடிவு வரை டி. கே. பத்மினியாகவே பட்டியல்களில் இருக்கிறார். நம் ஆச்சிகளைத் தேடும்போது இரண்டு தலைப்பெழுத்துகளிலும் தேட வேண்டும்.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் படத்தின் முதுகில் ஏறும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகள் வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். வளவில் நேர் வெயில் விழும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். பல புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பொதுவான வீடாக இருந்தால், பாகம் பிரிக்கும் முன் எல்லாப் படங்களுக்கும் ஒரு பட்டியல் எழுதி ஆளுக்கொரு படி கொடுத்துவிடுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சட்டத்தின் தேக்குக்காக விற்கப்பட்ட படங்களின் வரலாறு அங்கேயே முடிந்துவிடுகிறது.

நூல் வேலைப்பாட்டுப் படங்களுக்கும் பாசிமணிப் படங்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

மகள் ஓவியம் படிக்க விரும்புகிறாள். எங்கே சேர்க்கலாம்?

பத்மினி பயின்ற சென்னைக் கல்லூரி இருக்கிறது. நமக்கு அருகில் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான்காண்டு இளங்கவின்கலைப் பட்டம் பயிலலாம். சேர்க்கையின்போது வரையும் திறன் நேரில் சோதிக்கப்படும். ஆகவே மதிப்பெண்ணுக்குப் படிப்பதோடு, பொருள்களையும் மனிதர்களையும் பார்த்து வரையும் பழக்கம் ஓரிரு ஆண்டுகளாவது முன்பே இருக்க வேண்டும். அவள் வரைந்த தாள்களில் நாள், இடம் எழுதி, பள்ளிக் காட்சியின் அழைப்பிதழ் உட்பட எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து வையுங்கள். நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல வேண்டியதும் அதுவே.